யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு ஏற்ற கார் எது?

ஒரு வீட்டிலே கார் வாங்கும் எண்ணம் தலைகாட்டிவிட்டால் போதும், அன்று தொட்டு அவ்வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மோட்டார் நிபுணராகிவிடுகின்றனர். மகனுக்கு வண்டியின் நிறமும் உள்ளே ஒலிக்கும் பாட்டும் பெரிதாகத் தோன்றுகின்றன. இல்லத்தரசிக்கு மாதத் தவணை எவ்வளவு என்பதே கேள்வி. தகப்பனாரோ பக்கத்து வீட்டார் வாங்கிய வண்டியிலும் ஓரளவு உயர்ந்ததாக இருக்கவேண்டுமென்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, வெளியே சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறார். இவ்வளவும் போதாதென்று ரொறன்ரோவிலிருந்து சித்தப்பாவும் தொலைபேசியில் வந்துவிடுகிறார். “கியர் போட்டு ஓடுற வாகனத்தை இந்தக் காலத்திலை ஆர் தம்பி வாங்குறது? ஓட்டோவாய்ப் பார்த்து எடு” என்பது அவருடைய தீர்ப்பு. அருகிலிருந்து கேட்ட அப்பாச்சி, மூன்று சில்லு ஓட்டோவைத்தான் சொல்கிறார்கள் போலும் என்று எண்ணி, “எங்களுக்கு அது காணும்” என்று தலையை ஆட்டுகிறார்.

இக்குழப்பம் இந்நாளில் மிகுந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கைக்கு வாகனங்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார்கள், வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறிய புதுமையைக் கண்டோம். பத்து வருடம் ஓடிய வண்டியை இலாபத்துக்கு விற்றவர்கள் நம் அயலிலேயே இருக்கிறார்கள். தடை நீங்கியபின் ஜப்பானிலிருந்து வந்து இறங்குவனவற்றுள் மிகப் பெரும்பாலானவை தாமே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகள். கையினால் கியர் மாற்றும் சிறு கார்களோ இந்தியாவில் இன்னும் ஏராளமாகச் செய்யப்படுகின்றன. அவற்றைத் தவிர, தடைக்கு முன்னர் வந்து நம் வீதிகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கைக்கியர்க் கார்களும் உண்டு. ஆகவே, கைக்கியரா தானியங்கியா என்ற வினா வெறும் வசதியைப் பற்றியதாக மட்டும் இல்லை. ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு கடைக்காரர் போன்றோர் வீட்டில் அது பத்தாண்டுக் குடும்பச் செலவைத் தீர்மானிக்கும் வினாவாகிறது.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். நடுத்தர வருவாயுள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்குக் கையால் கியர் மாற்றும் சிறிய கார்தான் பொருத்தமானது. அதிலும், காரைத் தேடுவதற்கு முன்னர் அதைத் திருத்தப்போகிறவரைத் தேடிக்கொள்ளவேண்டும். உங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய் அழைத்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் மெக்கானிக் எந்த வண்டியை நன்கு அறிவாரோ, அந்த வண்டியே உங்களுக்கு மலிவான வண்டி. இது நானாகக் கற்பனை செய்த தத்துவமன்று. இக்குடாநாடு பட்டுத் தெளிந்த பாடம். அதைப் படிப்பித்த ஆசான் ஒஸ்ரின் ஏ-40 என்னும் பழைய கார்.

ஏ-40 படிப்பித்த பாடம்

இங்கிலாந்திலே பேமிங்ஹாம் நகருக்கு அருகே லோங்பிறிட்ஜ் என்னும் இடத்தில் ஒஸ்ரின் தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், 1947இல் ‘டெவன்’ என்ற பெயரிலும், 1952 முதல் 1954 வரை ‘சோமசெற்’ என்ற பெயரிலும் ஏ-40 கார்கள் அங்கே செய்யப்பட்டன. 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரம். ஏறத்தாழ 40 குதிரைவலு. முன்னோக்கி நான்கு கியர்கள். சோமசெற் வண்டியில் கியர்த் தடி நிலத்தில் இராது, சுக்கானின் கழுத்திலே கிளை போல் நீட்டிக்கொண்டிருக்கும். உருண்டு திரண்ட அதன் முதுகைக் கண்டு ஆமையை நினைத்துக்கொண்ட சிறுவர்கள் பலர்.

அக்காலத்தில் இலங்கையில் ஓடிய கார்களின் இலக்கத் தகட்டில், சிலோன் என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த ஈரெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. சீ.எல்., ஈ.வை., ஈ.என். என்று வரும் தகடுகளை இன்றும் சில பழைய வண்டிகளிற் காணலாம். 1957இல் அவ்வெழுத்துகளின் இடத்தைச் சிங்கள ‘ஸ்ரீ’ பிடித்துக்கொண்டது. அதனை எதிர்த்து நடந்த கிளர்ச்சியையும் 1958இல் தார்ச் சட்டியும் தூரிகையும் செய்த வேலையையும் முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆகவே ஒரு காரின் பின்புறத்தைப் பார்த்தே அதன் வயதையும், ஓரளவுக்கு இந்நாட்டின் வரலாற்றையும் வாசித்துவிடலாம்.

ஏ-40 உடன் மொறிஸ் மைனரும் இங்கே செல்வாக்குப் பெற்றது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948இல் வெளிவந்த சிறு கார் அது. பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதன்முதல் எட்டிய கார் அதுவே. மொறிஸ் ஒக்ஸ்போட் என்ற அதன் தமையன் கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் ‘அம்பாசிடர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு 2014 வரை பிறந்துகொண்டிருந்தது. கார்களுக்கும் குலமுறை உண்டு போலும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு வரும் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. பெற்றோல் அவற்றுள் முதன்மையானது. மின்சாரமும் இல்லை. காரென்றால் முற்றத்தில் நின்று துருப்பிடிக்க வேண்டியதுதான் என்று வெளியூரார் எண்ணியிருப்பர். ஏ-40 மட்டும் ஓடிற்று. மண்ணெண்ணெயில் ஓடிற்று! கைவசமுள்ள சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு, முன்புறத்துக் கைப்பிடியைச் சுழற்றியோ பலர் சேர்ந்து தள்ளியோ இயந்திரத்தை எழுப்புவார்கள். அது சூடேறியதும் குழாயை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புவார்கள். பின்னாலே வெண்புகையும் அடுப்படி வாசனையும் எழும். பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் அதே வண்டியில், கலியாணத்துக்குப் போகும் மாப்பிள்ளையும் அதே வண்டியில்.

இது எப்படி இயன்றது என்று மாணவர்கள் கேட்கவேண்டும். பெற்றோலைப் போல் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை; எனவேதான் இயந்திரம் முதலிற் சூடேறவேண்டியிருந்தது. மேலும், சிலிண்டருக்குள்ளே அதனை மிகுதியாக அமுக்கினால், தீப்பொறி மூட்டிய சுவாலை வந்து எட்டுமுன்னரே தானாக எரிந்து உலோகத்தைத் தட்டும் ஓசையை எழுப்பும். இன்றைய பெற்றோல் இயந்திரங்கள் பத்துக்கு ஒன்று என்ற அளவிலும் அதற்கு மேலும் அமுக்குகின்றன. சோமசெற்றின் இயந்திரமோ ஏழுக்கு ஒன்று என்ற அளவிலேயே அமுக்கியது. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் கிடைத்த தரங்குறைந்த பெற்றோலுக்காக அவ்வாறு செய்தார்கள். அந்தக் குறையே நாற்பது ஆண்டு கழித்து யாழ்ப்பாணத்தில் நிறையாயிற்று. காபரேற்றர் எளிமையானது, எரிபற்றலுக்குக் கொயிலும் சிறு தொடுமுனைகளும் போதும், கணினி என்று ஒன்றும் உள்ளே இல்லை. தேய்ந்த பாகத்தை லேத்துப் பட்டறையிற் கடைந்துகொள்ளலாம். அடிச்சட்டம் வேறாகவும் மேற்கூடு வேறாகவும் இருந்தமையால், துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டலாம்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. அன்றிரவு நாவற்குழிப் பாலத்தை நெருங்கிய சனத்திரளின் நடுவே, கூரைமேல் கட்டிலும் குடமும் கட்டி, உள்ளே நடக்கமாட்டாத முதியோரை ஏற்றிக்கொண்டு, ஏ-40 கார்கள் அடியடியாக நகர்ந்தன. அக்கூட்டத்தில் நடந்த மாணவருள் நானும் ஒருவன். முதற் கியரில் ஓர் ஒலி உண்டு, அடித்தொண்டையில் முனகுவது போன்ற ஒலி. மழைக்கும் அழுகைக்கும் இடையில் அந்த ஒலி மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. இயந்திரம் கொதித்தபோது நிறுத்திவிட்டுக் கையினாலே தள்ளினார்கள். கியரை நீக்கிவிட்டால் ஒரு வண்டியைத் தள்ளிச் செல்லலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்று அறிந்தேன்.

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபோது தெற்கிலிருந்து வந்தவர்கள் இக்கார்களைக் கண்டு காட்சிச்சாலையில் நிற்பதுபோல நின்று படம் பிடித்தார்கள். நமக்கு அது வேடிக்கையாக இருந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடியபோது வேடிக்கை போய்விட்டது. 2009க்குப் பின்னர்தான் புது வண்டிகளும், அவற்றோடு கூடவே தவணைக் கொம்பனிகளும் பெருகின.

இவ்வளவும் சொன்னதனால் ஏ-40 ஒன்றை வாங்குங்கள் என்று நான் கூறுவதாக எண்ணவேண்டாம். அதன் பிறேக்கு இக்கால வேகத்துக்குப் போதாது. ஆசனப் பட்டி கிடையாது. மோதினால் சுக்கான் தண்டு நேரே நெஞ்சுக்கு வரும். பழைய வண்டியைப் பளபளப்பாக்கி வைத்திருப்போர் இப்போது அதைக் கலைப்பொருள் விலைக்கே விற்கிறார்கள். நாம் எடுக்கவேண்டியது அதன் பாடத்தை. ஏ-40 உலகத்திலேயே சிறந்த கார் என்பதற்காக இங்கே வாழவில்லை. அதன் பாகங்கள் சாதாரணமானவை. அதை அறிந்த கைகள் ஊர்தோறும் இருந்தன. பழுதானால் எங்கே பழுது என்று ஓட்டுபவருக்கே தெரிந்தது.

கியர் என்பது யாது?

துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தை இன்றைய பிள்ளைகள் அறியார். ஒரு நெம்புகோலின் நீண்ட பக்கத்தில் சிறு விசையைக் கொடுத்தால், குறுகிய பக்கத்தில் பெரும் பாரம் எழும். ஆனால் அது எழும் தூரம் குறைவு. பல்லிணை எனப்படும் கியரும் சுழலுகின்ற ஒரு நெம்புகோலே. முதற் கியரில் இயந்திரம் பலமுறை சுற்ற, சில்லு ஒரு முறை சுற்றும். வேகம் குறையும், இழுக்கும் வலு பெருகும். மேற்கியரில் இதற்கு மாறு. இயந்திரத்துக்கும் இந்தப் பல்லிணைகளுக்கும் இடையே கைகோத்துக் கைவிடும் தட்டுத்தான் கிளச்.

தானியங்கி வண்டியில் இவ்வேலையை எண்ணெய் அமுக்கத்தினாலோ பட்டியும் கப்பிகளும் கொண்டோ இயந்திரமே செய்துகொள்கிறது. ஓட்டுபவருக்கு இடது காலுக்கு வேலையில்லை. கொழும்பிலே மருதானையிலும் பம்பலப்பிட்டியிலும் மாலை நேரத்தில் அகப்பட்டவருக்கு அது வரப்பிரசாதம். முழங்கால் நோவுள்ளவருக்கும், முதிய வயதில் ஓட்டப் பழகுபவருக்கும் தானியங்கியையே நானும் சிபாரிசு செய்வேன். ஆனால் நம் குடாநாட்டில் அத்தகைய நெருக்கடி பாடசாலை விடும் வேளையில் ஆஸ்பத்திரி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் அரை மணி நேரம் உண்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இன்னும் சிறிது உண்டு. மற்றைய நேரத்தில் பருத்தித்துறைக்கோ காங்கேசன்துறைக்கோ போகும் சமதரை வீதியிலே மேற்கியரைப் போட்டுவிட்டால் கைக்கும் காலுக்கும் அதிக வேலையில்லை.

பழுது வரும்போது வேறுபாடு தெரியும். கைக்கியர்க் காரில் கிளச்சுத் தட்டு தேய்ந்தால், அது முன்னரே அறிவித்துத்தான் தேயும். ஊர்க் கராஜில் ஒரு நாளில் மாற்றிவிடுவார்கள். தானியங்கிப் பெட்டி பழுதானால் அதைத் திறந்து பார்க்கத் துணிபவர் சிலரே. பெரும்பாலும் வேறொரு பெட்டியையே தேடிப் பூட்டுகிறார்கள். அந்தப் பெட்டியும் இன்னொரு வண்டியில் ஓடித் தேய்ந்ததுதான். பற்றறி தளர்ந்த காலையில் கைக்கியர் வண்டியைத் தள்ளி, இரண்டாங் கியரில் கிளச்சை விட்டு எழுப்பலாம்; தானியங்கி வண்டியில் அந்த வழியே இல்லை. பற்றறியில் ஓர் உயிரும் இல்லாவிட்டால் இன்றைய கைக்கியர் வண்டிக்கும் தள்ளுதல் உதவாது என்பதையும் கூறவேண்டும், ஏனெனில் பெற்றோலைச் செலுத்தும் பம்பிக்கும் மின்சாரம் தேவை.

ஹைபிரிட் வண்டி பெற்றோலை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டவர் எத்தனை பேர்? மானிப்பாயிலிருந்து பட்டணத்துப் பாடசாலைக்குப் போய், பின்னேரம் பிள்ளையை வகுப்புக்குக் கொண்டுபோய் வரும் ஒருவர் நாளொன்றுக்கு 20 கிலோமீற்றர் ஓடுகிறார் என்று கொள்வோம். மாதத்தில் 25 நாள். ஆக 500 கிலோமீற்றர். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் சிறு காருக்கு ஏறத்தாழ 33 லீற்றர் வேண்டும். 20 கிலோமீற்றர் ஓடும் ஹைபிரிட்டுக்கு 25 லீற்றர். மாதம் 8 லீற்றர் மிச்சம். அந்த எட்டு லீற்றருக்காக விலையில் எத்தனை இலட்சம் கூட்டிக் கொடுக்கிறோம், வலுவிழந்த ஹைபிரிட் பற்றறியை மாற்ற என்ன செலவாகும் என்று அதே தாளிலேயே எழுதிப் பாருங்கள். வாடகைக்கு ஓடி மாதம் நாலாயிரம் கிலோமீற்றர் தாண்டுபவருக்குக் கணக்கு வேறு விதமாக வரும். நம்மைப் போன்றோருக்கு அப்படி வராது.

2022ஆம் ஆண்டுப் பெற்றோல் பஞ்சத்தின்போது கியூ.ஆர். அட்டை முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று முதலில் அளந்தார்கள். மேலே சொன்ன ஆசிரியருக்கு அந்த அளவே போதியது. அவரை வாட்டியது அளவன்று, அதற்கு முந்திய மாதங்களில் நிலையத்து வாசலில் கிடந்த வரிசை.

பார்த்து வாங்குதல்

புதிய வண்டிக்கு வரிகள் விலையைப் பன்மடங்காக்குவதால் பெரும்பாலோர் ஓடிய வண்டியையே நாடுகிறோம். மாருதி சுசுகி அல்டோ போன்ற இந்தியச் சிறு கார்கள் இங்கே மிகுதியாக உண்டு. 1983 டிசெம்பரில் இந்தியாவில் வெளிவந்த மாருதி 800இன் வழிவந்தவை அவை. 800 கன சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த மூன்று சிலிண்டர் இயந்திரம், ஐந்து கியர், எளிய அமைப்பு. ஸ்ரான்லி வீதியில் உதிரிப்பாகம் கேட்டால், பெயரைச் சொல்லி முடிக்குமுன் மேசைமேல் வைக்கக்கூடிய வண்டியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கடைகளில் ஒரு கிளச்சுத் தட்டு, ஒரு முன்விளக்கு, ஒரு பக்கக் கண்ணாடி ஆகிய மூன்றின் விலையை விசாரித்துவிட்டு வண்டியைப் பார்க்கப் போவது எனக்குத் தெரிந்த ஒரு கணித ஆசிரியரின் வழக்கம். நல்ல வழக்கம்.

வண்டியைக் காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். நீங்கள் வருமுன்னரே உரிமையாளர் அதை ஓடவைத்திருந்தால், தேநீரைக் குடித்துவிட்டு மற்றொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். முதன்முறை எழும்போது வரும் புகை பேசும். நீலப் புகை எண்ணெய் எரிவதைச் சொல்லும். கறுப்புப் புகை பெற்றோல் வீணாவதைச் சொல்லும். சூடேறிய பின்னும் நில்லாமல் வரும் வெண்புகை குளிரூட்டும் நீர் சிலிண்டருக்குள் இறங்குவதைச் சொல்லும்.

கிளச்சைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வண்டியை நிறுத்தி, கைப் பிறேக்கை நன்கு இழுத்து, மூன்றாம் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விடுங்கள். இயந்திரம் உடனே திணறி நின்றால் தட்டு நல்லது. நில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு வழுக்குகிறது. அதை மாற்றும் செலவை விலையிற் கழித்துப் பேசுங்கள். பின்னர் ஓடிப் பார்க்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குங்கள். பல் கடிக்கும் ஓசை கேட்டால் உள்ளேயுள்ள வளையங்கள் தேய்ந்தன என்று பொருள். கியரிலிருந்து வரும் இரைச்சலுக்குப் பாட்டைப் போட்டு மறைக்கும் வித்தையும் நடைமுறையில் உண்டு. ஆதலால் வானொலியை நிறுத்திவிட்டு ஓடுங்கள்.

குனிந்து வண்டியின் அடியைப் பாருங்கள். குடாநாட்டில் கடற்காற்றுப் படாத இடம் குறைவு. அதிலும் பண்ணைப் பாலத்தின் வழியே நாள்தோறும் வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் போய் வந்த வண்டியின் அடித்தகடு உள்ளே அரிபட்டிருக்கலாம். புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். ஒரு சிறு திருகாணிச் செலுத்தியால் தட்டிப் பார்த்தால் தகடு பதில் சொல்லும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். நம் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெண்ணிறப் பொருக்குப் படிவதை வீட்டிலே பார்க்கிறோம். அதே நீரை றேடியேற்றருக்குள் ஊற்றினால் அதன் நுண்குழாய்களிலும் அதே பொருக்குப் படிந்து, இரண்டு மூன்று வருடத்தில் இயந்திரம் கொதிக்கத் தொடங்கும். வாங்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள். குளிர்ந்த நிலையில்! சூடாக இருக்கும்போது திறந்தவர்கள் முகத்தில் தழும்போடு இருக்கிறார்கள். வாங்கிய பின்னர் குளிரூட்டித் திரவத்தையும் வடித்த நீரையுமே பயன்படுத்துங்கள்.

பத்திரங்களில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். தவணைக் கடனில் எடுத்த வண்டியின் பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கடன் கொடுத்த கொம்பனியின் பெயர் இருக்கும். அந்தப் பெயர் நீக்கப்படாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தவர், வண்டியோடு கடனையும் வாங்கியவராவார். சட்ட எண்ணையும் இயந்திர எண்ணையும் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். இயந்திரம் மாற்றப்பட்டிருந்தால் அது பதிவாகியிருக்கவேண்டும். காப்புறுதி, புகைச் சான்றிதழ், வருடாந்த வருமான அனுமதிப் பத்திரம் ஆகியவை ஆண்டுதோறும் வரும் செலவுகள். தவணையைக் கணிக்கும்போது இவற்றைப் பன்னிரண்டாக வகுத்துக் கூட்டிக்கொள்ளாதவர் நான்காம் மாதத்தில் திணறுவார். பிள்ளையார் கோவிலடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுக்கும் அன்றுதான் செலவு தொடங்குகிறது.

மலிவின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. 2014 ஜனவரியில், இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறு கார்களைக் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதச் செய்து பரிசோதித்தது. காற்றுப்பை இல்லாத அவ்வைந்தில் ஒன்றுக்கேனும், வளர்ந்தோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரந்தானும் கிடைக்கவில்லை. அல்டோ 800, டாட்டா நானோ ஆகியவை அவற்றுள் அடங்கும். அவ்விரண்டின் கூடும் மோதலைத் தாங்காது நெளிந்தது. வொக்ஸ்வாகன் போலோவை இரண்டு காற்றுப்பைகளுடன் மோதியபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஆகவே சிறு கார் வாங்குவோர், முன் ஆசனம் இரண்டுக்கும் காற்றுப்பை உள்ளதா, வழுக்காது நிறுத்தும் பிறேக்கு உள்ளதா என்று கேட்டு, சிறிது பணம் கூடினாலும் அத்தகைய பிந்திய மாதிரியையே எடுக்கவேண்டும். ஊருக்குள் நாற்பதில் ஓடுவதற்கு வாங்கிய வண்டியில், குடும்பம் முழுவதையும் ஏற்றி, இரவிரவாக ஏ-9 வழியே நானூறு கிலோமீற்றர் கொழும்புக்கு விரைவதை நான் விரும்புவதில்லை. எதிரே சொகுசுப் பேருந்துகள் வரும் வேகத்தை அறிந்தவர் எவரும் விரும்பார். அப்பயணத்தைப் புகையிரதத்துக்கு விட்டுவிடலாம்.

சாரதிப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவ மாணவியர் கைக்கியர் வண்டியிலேயே பழகிப் பரீட்சை கொடுப்பது நல்லது. அதிலே தேறியவர் இரு வகையையும் ஓட்டலாம். தானியங்கியில் மட்டும் தேறியவர், மாமா வீட்டு வான் கியர் வண்டியாக இருந்தால் அவசரத்துக்கும் தொடமுடியாது. வீட்டிலே கார் இருந்தால் ஆண்களுக்கு மட்டும் அது சொந்தமென்று எண்ணும் பழக்கத்தையும் விட்டுவிடவேண்டும். நள்ளிரவில் தகப்பனாருக்கே நெஞ்சுநோ வந்தால் யார் ஓட்டுவது?

பழகும்போது கிளச்சு மிதியின்மேல் இடது காலை ஓய்வாக வைத்திருக்கும் வழக்கம் வரவே கூடாது. தட்டு தேய்வதற்கு அதுவே முதற் காரணம். இன்னொரு குறையும் நம்மவருக்கு உண்டு. யாழ்ப்பாணத்திலே பழகியவருக்கு மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கத் தெரிவதில்லை. எங்கே பழகுவது? கீரிமலை என்று பெயரில் மலை இருக்கிறதே தவிர, ஊரில் ஒரு மேடும் கிடையாது. முதன்முறை கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவையில் பின்னால் நிற்கும் பேருந்தின்மேல் வண்டி உருளத் தொடங்கியதும்தான் பலருக்கு இந்தக் குறை தெரியவருகிறது. வீட்டுக் கராஜுக்கு ஏறும் சீமெந்துச் சாய்தளம் போதும். அதன் நடுவிலே கைப் பிறேக்கை இழுத்து நிறுத்துங்கள். முதற் கியரைப் போட்டு, வண்டியின் மூக்குச் சற்றே உயரும் வரை கிளச்சை மெல்ல விடுங்கள். அப்போது அமுக்கியைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டு கைப் பிறேக்கை இறக்குங்கள். பின்னால் ஒரு வெற்றுத் தீப்பெட்டியை வைத்து, அது நசுங்காமல் பத்து முறை எடுத்துவிட்டால் கண்டிக்குப் போகலாம்.